ஃபார்ம் சப்மிட் ஆச்சு, பக்கமும் மாறுச்சு, அட்ரஸ் பார் மட்டும் ஏன் அப்படியே நிக்குது?

ஏற்காட்டுல ஒரு ஹோம்ஸ்டேக்கு வெப்சைட் பண்றீங்கன்னு வச்சுக்கோங்க. முதல் பக்கத்துலயே ஒரு தேடல் ஃபார்ம், எந்தப் பக்கம் ரூம் வேணும், ஏரிகிட்டயா லேடீஸ் சீட் பக்கமா நாகலூரா, என்ன தேதி, எத்தனை பேர், அவ்ளோதான். சப்மிட் அழுத்தினா பக்கம் ரீலோட் ஆகாம கீழயே ரூம் லிஸ்ட் வந்து விழுது, பாக்கவும் நல்லாத்தான் இருக்கு. அம்மாபேட்டைல இருக்கற ஒரு அக்கா மே மாசம் கோடை விழா சமயத்துல குடும்பத்தோட மேல போகணும்னு தேடறாங்க, ஆறு பேருக்கு நல்ல லிஸ்ட் ஒண்ணு கிடைச்சதும் அட்ரஸ் பார்ல இருக்கற லிங்க்கை காப்பி பண்ணி குடும்ப வாட்ஸப் குரூப்ல போடறாங்க, "இதுல எது வேணும்னு பாத்து சொல்லுங்க"ன்னு. ஓசூர்ல வேலை பாக்கற தம்பி அதைத் திறந்தா வெறும் ஃபார்ம்தான் வருது, ரூமும் இல்ல தேதியும் இல்ல. "என்னக்கா ஒண்ணுமே வரலையே"ன்னு அவர் கேக்கறார், "எனக்கு நல்லா வருதேடா"ன்னு இவங்க சொல்றாங்க, ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான்.

இது ஏன் நடக்குதுன்னு புரியணும்னா ஜாவாஸ்கிரிப்ட் எதுவும் இல்லாத ஒரு சாதாரண ஃபார்ம் என்ன செய்யுதுன்னு முதல்ல பாக்கணும். மெத்தட் கெட்னு போட்ட ஃபார்மை சப்மிட் பண்ணா, பிரவுசர் உள்ள இருக்கற ஃபீல்டு ஒவ்வொண்ணையும் பேரும் மதிப்புமா எடுத்து, ஆக்‌ஷன்ல நீங்க கொடுத்த அட்ரஸுக்குப் பின்னாடி ஒரு கேள்விக்குறி போட்டு ஒட்டிடும். அதாவது இந்த மாதிரி ஆகும்:

/ரூம்?இடம்=நாகலூர்&தேதி=2026-05-23&ஆள்=6

அப்புறம் அந்த அட்ரஸுக்கே பிரவுசர் போகும், சர்வர் முழுப் பக்கத்தையும் அனுப்பும், அட்ரஸ் பார் மாறும், ஹிஸ்டரில புதுசா ஒரு எண்ட்ரி விழும். இதுல நீங்க ஒரு வரி கூட எழுதல, ஆனா மூணு விஷயம் சும்மாவே கிடைச்சிருச்சு. லிங்க்கை யாருக்கு அனுப்பினாலும் அதே லிஸ்ட் வரும், ரீஃப்ரெஷ் பண்ணாலும் அதே லிஸ்ட் நிக்கும், பேக் அழுத்தினா முந்தின தேடலுக்குப் போகும். வெப் ஆரம்பத்துல இருந்தே இப்படித்தான் வேலை செஞ்சுது, ஜனங்க கையும் அதுக்குத்தான் பழகியிருக்கு.

இப்ப அசிங்க்ரனஸா, அதாவது பக்கம் ரீலோட் ஆகாம பின்னாடியே சர்வர்கிட்ட கேக்கறா மாதிரி பண்றோம்னா என்ன செய்யறோம்? சப்மிட் ஈவென்ட்டைப் பிடிச்சு, பிரிவென்ட் டிஃபால்ட் கூப்பிட்டு, பிரவுசர் போக இருந்த பயணத்தை நிறுத்திடறோம். அப்புறம் ஃபார்ம்டேட்டால ஃபீல்டுகளை எடுத்து, ஃபெட்ச் மூலமா பின்னாடியே சர்வர்கிட்ட கேட்டு, வந்த பதிலை பக்கத்துல ஒரு இடத்துல போடறோம். ஃபெட்ச்ங்கறது வெறும் கேள்வி பதில் மட்டும்தான், பிரவுசரைப் பொறுத்தவரை யூசர் எங்கயும் போகல, அதனால அட்ரஸை மாத்த அதுக்கு ஒரு காரணமும் இல்ல. பிரிவென்ட் டிஃபால்ட்னு எழுதின அந்த நிமிஷமே மேல சொன்ன மூணும் நம்ம கையை விட்டுப் போயிடுது, இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல, ஏன்னா டெவலப் பண்ணும்போது நாம ஒரே டேப்ல மேல இருந்து கீழ போய்ட்டே இருப்போம், யாருக்கும் லிங்க் அனுப்ப மாட்டோம். மோசமானது பேக் பட்டன்தான். நாலு தடவை மாத்தி மாத்தித் தேடின ஆள் "முதல்ல பாத்ததே பரவால்ல"ன்னு பேக் அழுத்தினா, ஹிஸ்டரில அந்தத் தேடல் எதுவுமே இல்லாததால நேரா கூகுளுக்கே வெளிய போயிடுவார்.

இது புதுசா வந்த பிரச்சினையும் இல்ல. பக்கத்தை ரீலோட் பண்ணாம சர்வர்கிட்ட பேசற வசதி 1999ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5லயே வந்துடுச்சு, 2005ல அதுக்கு ஏஜாக்ஸ்னு பேர் வச்சதுக்கு அப்புறம் எல்லாரும் அதைப் பண்ண ஆரம்பிச்சாங்க, கூடவே இந்த அட்ரஸ் தலைவலியும் வந்துச்சு. லொக்கேஷனை, அதாவது ஸ்கிரிப்ட்ல இருந்து பக்கத்தோட அட்ரஸை, நேரா மாத்தினா பக்கமே ரீலோட் ஆகிடும், அப்ப அசிங்க்ரனஸா பண்ணதுக்கே அர்த்தம் இல்ல. அதனால ஹேஷ் (#) குறிக்குப் பின்னாடி இருக்கறதை மட்டும் மாத்தற வழியைப் பிடிச்சாங்க, அது மாறினா பிரவுசர் ரீலோட் பண்ணாது. ஆனா ஹேஷுக்குப் பின்னாடி இருக்கறது சர்வருக்குப் போகவே போகாது, அதனால சர்வர் எப்பவும் அதே காலி பக்கத்தைத்தான் அனுப்பும், ஜாவாஸ்கிரிப்ட் ஓடினதுக்கு அப்புறம்தான் உள்ள என்ன இருக்குன்னே தெரியும். ட்விட்டர் கூட 2010 வாக்குல ஹேஷும் ஆச்சரியக்குறியும் சேர்ந்த அட்ரஸ்களுக்குப் போய், 2012ல அதை விட்டு வெளிய வந்தாங்க. இன்னிக்கு புதுசா எழுதற யாருக்கும் அந்த வழி வேண்டாம்.

வேண்டாம்னு தைரியமா சொல்றதுக்குக் காரணம் ஹெச்டிஎம்எல்5 கூட வந்த ஹிஸ்டரி ஏபிஐ, அதாவது பிரவுசர் ஹிஸ்டரியை ஸ்கிரிப்ட்ல இருந்தே மாத்தற வசதி. 2010, 2011லயே குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ்ல வந்துடுச்சு, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல 2012ல, 10ஆம் வெர்ஷன்ல. இதுல நமக்கு வேண்டியது புஷ்ஸ்டேட், ரீப்ளேஸ்ஸ்டேட்னு ரெண்டு ஃபங்ஷன், பாப்ஸ்டேட்னு ஒரு ஈவென்ட்.

புஷ்ஸ்டேட்டுக்கு மூணு விஷயம் கொடுக்கணும். முதல்ல ஸ்டேட்னு ஒரு ஆப்ஜெக்ட், இந்த எண்ட்ரியோட சேர்த்து பிரவுசர் ஞாபகம் வச்சுக்க வேண்டிய சின்ன தகவல், ஒண்ணும் இல்லைன்னா நல் (null), அதாவது காலி மதிப்பு கொடுக்கலாம். ரெண்டாவது டைட்டில், பழைய காலத்து மிச்சம், அதுக்கு காலி ஸ்ட்ரிங் கொடுத்துட்டுப் போயிடுங்க. மூணாவதுதான் புது அட்ரஸ். கூப்பிட்ட உடனே அட்ரஸ் பார் மாறும், ஹிஸ்டரில ஒரு எண்ட்ரி சேரும், வேற எதுவுமே நடக்காது. இந்த "எதுவுமே நடக்காது"ங்கறதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன், ஏன்னா புதுசா கத்துக்கறவங்க பெரும்பாலும் இங்கதான் தடுக்கி விழறாங்க. பஸ் ஸ்டாண்டுல நிக்கற வண்டிக்கு முன்னாடி போர்டை மட்டும் ஏற்காடுன்னு மாத்தி வச்ச மாதிரிதான் இது, வண்டி நின்ன இடத்துலயேதான் நிக்குது, மலை ஏத்தறது உங்க வேலை. பிரவுசர் அந்த அட்ரஸைப் போய் எடுத்துட்டு வராது, அப்படி ஒரு பக்கம் நிஜமா இருக்கான்னு கூட பாக்காது. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கும், அட்ரஸ் உங்க சைட்டோட அதே ஒரிஜின்ல இருக்கான்னு, அதாவது புரோட்டகால், டொமைன், போர்ட் மூணும் ஒண்ணா இருக்கணும், இல்லைன்னா செக்யூரிட்டி எரர் கொடுத்துடும். அது நியாயம்தானே, இல்லைன்னா எவனோ ஒருத்தன் தன் பக்கத்துல இருந்துகிட்டே அட்ரஸ் பார்ல உங்க பேங்க் பேரைக் காட்டிடுவான்.

சரி, மூணாவது இடத்துல என்ன அட்ரஸ் கொடுக்கறது? நான் சொல்ல வந்ததே இதைத்தான். பிரிவென்ட் டிஃபால்ட் போடாம விட்டிருந்தா பிரவுசர் தானா எந்த அட்ரஸுக்குப் போயிருக்குமோ, அச்சு அசலா அதையே எழுதுங்க. புதுசா ஒண்ணைக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்ல. அதுக்கு ஃபார்ம் முதல்ல ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே வேலை செய்யணும்: ஆக்‌ஷன் ஸ்லாஷ் ரூம், மெத்தட் கெட், சப்மிட் பண்ணா சர்வர் முழுப் பக்கத்தையும் லிஸ்ட்டோட அனுப்பணும். இதை முதல்ல முடிச்சுட்டு அப்புறமா மேல ஃபெட்ச்சைப் போடுங்க. இந்த வரிசைல போனா அட்ரஸ் என்னன்னு யோசிக்க வேண்டாம், ரீஃப்ரெஷ் பண்ணா என்ன ஆகும்னு பயப்பட வேண்டாம், நெட் சரியில்லாம ஸ்கிரிப்ட் ஃபைல் பாதில நின்னு போனா கூட தேடல் வேலை செய்யும். தலைகீழா, முதல்ல ஃபெட்ச் எழுதிட்டு கடைசில அட்ரஸை ஒட்ட வச்சா, அந்த அட்ரஸுக்கு சர்வர்ல பதில் சொல்ல ஆளே இருக்க மாட்டாங்க, ரீஃப்ரெஷ் பண்ணவங்க "பக்கம் இல்ல"ன்னு சொல்ற 404 பாப்பாங்க. நீங்க எழுதற ஒவ்வொரு அட்ரஸுக்கும் சர்வர் பதில் சொல்லியே ஆகணும், இதுல சமரசமே கிடையாது. எல்லாமே பிரவுசர்லயே ஓடற ஆப்பா இருந்தா, தெரியாத அட்ரஸ் எது வந்தாலும் முதல் பக்கத்தோட ஃபைலையே அனுப்பறா மாதிரி சர்வரை செட் பண்ணிடுங்க, அந்தப் பக்கம் திறந்த உடனே ஸ்கிரிப்ட் அட்ரஸைப் படிச்சு தானா தேடிக்கணும்.

அட்ரஸை உருவாக்க யூஆர்எல் சர்ச் பேரம்ஸ்னு ஒரு வசதி இருக்கு, ஃபார்ம்டேட்டாவை அதுக்குள்ள போட்டா கேள்விக்குறிக்கு அப்புறம் வர்ற பகுதி ரெடியா வந்துடும். கையால பிளஸ் போட்டு ஒட்டாதீங்க, யாராவது ஆண்ட் (&) குறியோ ஸ்பேஸோ டைப் பண்ணா உடைஞ்சிடும். தமிழ்ல டைப் பண்ணாலும் இதுவே பாத்துக்கும், ஆனா தமிழ் எழுத்து அட்ரஸ்ல எப்படிப் போகும்னு தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது. யூனிகோடுல தமிழோட ஒவ்வொரு குறிக்கும் யூடிஎஃப்8ல 3 பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோட 3 எழுத்தா மாறும், ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. ஏற்காடுங்கற சொல்லுல புள்ளி, கால், உகரக் குறி எல்லாம் சேத்து 7 குறி, அப்ப அட்ரஸ்ல அது 63 எழுத்து. அட்ரஸ் பார்ல பாக்க அழகா தமிழாத்தான் தெரியும், காப்பி பண்ணி வாட்ஸப்ல ஒட்டினாதான் சதவீதக் குறியா நீளமா வந்து நிக்கும், வாங்கினவங்க வைரஸ் லிங்க்கோன்னு பயப்படுவாங்க. அதனால பயன்படுத்தறவங்க கண்ணுல படற பேரைத் தமிழ்லயே வைங்க, ஆப்ஷனோட வேல்யூவை மட்டும் சின்னதா ஒரு ஆங்கிலச் சொல்லாவோ நம்பராவோ வச்சுடுங்க, லிங்க் சுருக்கமா இருக்கும்.

ஃபார்ம்டேட்டாவை அப்படியே முழுசா அட்ரஸ்ல கொட்டறதும் தப்பு. காலியா விட்ட ஃபீல்டு, செக்யூரிட்டிக்காக வச்ச ஹிட்டன் டோக்கன், எல்லாம் சேர்ந்து அட்ரஸ்ல ஏறிடும். ஃபோன் நம்பர், பேரு, மெயில் இதெல்லாம் அட்ரஸ்ல வரவே கூடாது, ஏன்னா அட்ரஸ் பிரவுசர் ஹிஸ்டரில தங்கும், சர்வர் லாக்ல தங்கும், ஃபார்வர்ட் ஆகும்போது முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட எல்லாம் போகும். தேடறதுக்கு எது தேவையோ அதை மட்டும் பொறுக்கி எடுங்க: இடம், தேதி, ஆள், பக்க எண்.

அடுத்தது எப்ப மாத்தறது? ஃபெட்ச் அனுப்பும்போதேவா, பதில் வந்த அப்புறமா? ரெண்டு விதமாவும் பண்றவங்க இருக்காங்க, என்னைக் கேட்டா நல்லபடியா பதில் வந்து லிஸ்ட்டைப் போடற அந்த நேரத்துலதான். சேலத்துல இருந்து மேல போற ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, பஸ்ல ஏறினப்புறம் ரூம் தேடறவங்க நிறைய, நடு வளைவுல சிக்னல் போயிடுச்சுன்னா அட்ரஸ் நாகலூர்னு சொல்லும், கீழ இருக்கற லிஸ்ட் ஏரிக்கரை ரூம்களைக் காட்டும். அட்ரஸும் பக்கமும் வேற வேற சொன்னா எதை நம்பறது? பதில் வந்துச்சான்னு பாக்கும்போது இன்னொரு விஷயமும் இருக்கு, சர்வர் 404, 500னு எரர் நம்பர் அனுப்பினா கூட ஃபெட்ச் அதைத் தோல்வின்னு எடுத்துக்காது, நெட்வொர்க்கே போனாத்தான் எரர் எறியும். அதனால ரெஸ்பான்ஸ்ல இருக்கற ஓகேங்கறதைப் பாருங்க, 200ல இருந்து 299 வரைக்கும்தான் அது ட்ரூ, அப்புறமா புஷ்ஸ்டேட் கூப்பிடுங்க.

நெட் மெதுவா இருந்தா வர்ற இன்னொரு குழப்பமும் இருக்கு. முதல்ல ஏரிகிட்டன்னு தேடி, பதில் வர்றதுக்குள்ள நாகலூர்னு மாத்தித் தேடறாங்க, நாகலூர் பதில் சீக்கிரமா வந்துடுது, ரெண்டு செகண்ட் கழிச்சு பழைய ஏரி பதில் வந்து மேல ஏறி உக்காந்து லிஸ்ட்டையும் அட்ரஸையும் மாத்திடுது. இதுக்கு அபார்ட் கண்ட்ரோலர் இருக்கு, புதுசா தேடும்போது பழைய ஃபெட்ச்சை கேன்சல் பண்ணிடுங்க. சின்ன வேலைதான், ஆனா இதைப் பண்ணலைன்னா வர்ற பிழையைத் தேடிப் பிடிக்கறது ரொம்பக் கஷ்டம், ஏன்னா உங்க ஆபீஸ் நெட்ல அது வரவே வராது.

பேக் பட்டனுக்கு வருவோம். புஷ்ஸ்டேட் போட்டாச்சு, இப்ப பேக் அழுத்தினா அட்ரஸ் முந்தின தேடலுக்கு மாறும், ஆனா லிஸ்ட் மாறாது. அதேதான், பிரவுசர் அட்ரஸை மட்டும்தான் மாத்துது. அப்ப அது பாப்ஸ்டேட்னு ஒரு ஈவென்ட்டை அனுப்பும், அதைக் கேட்டு பக்கத்தை மாத்தறது நம்ம பொறுப்பு. நீங்க புஷ்ஸ்டேட் கூப்பிடும்போது இந்த ஈவென்ட் வராது, யூசர் பேக், ஃபார்வர்ட் போகும்போதுதான் வரும். அது வந்ததும் இப்ப அட்ரஸ் பார்ல என்ன இருக்குன்னு படிச்சு, ஃபார்ம் ஃபீல்டுகளை அதுக்கேத்த மாதிரி நிரப்பி, திரும்ப ஃபெட்ச் பண்ணி லிஸ்ட்டைப் போடுங்க. ஃபீல்டுகளை நிரப்பறதை நிறைய பேர் மறந்துடறாங்க, லிஸ்ட் பழைய தேதிக்கும் ஃபார்ம் புது தேதிக்கும் நின்னுகிட்டு இருக்கும்.

இந்த இடத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்: பாப்ஸ்டேட்ல இருந்து லிஸ்ட் போடும்போது புஷ்ஸ்டேட் கூப்பிடவே கூடாது. கூப்பிட்டா பேக் போன இடத்துல புதுசா ஒரு எண்ட்ரி சேரும், முன்னாடி இருந்த ஃபார்வர்ட் எல்லாம் அழிஞ்சு போகும், அடுத்து பேக் அழுத்தினா அதே இடத்துலயே நிப்பாங்க, மறுபடி அழுத்தினா மறுபடி அங்கேயே, சைட்டை விட்டு வெளிய போகவே முடியாது. அதனால புரோகிராமை ரெண்டா பிரிச்சுடுங்க, அட்ரஸைக் கொடுத்தா லிஸ்ட்டைக் கொண்டு வந்து போடற ஃபங்ஷன் ஒண்ணு, அதுக்கு அட்ரஸை மாத்தற வேலையே கிடையாது. சப்மிட் நடந்தா அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டு அது முடிஞ்சதும் புஷ்ஸ்டேட், பாப்ஸ்டேட் வந்தா அந்த ஃபங்ஷன் மட்டும்.

ஸ்டேட் ஆப்ஜெக்ட்ல முழு ரூம் லிஸ்ட்டையும் போட்டு வச்சா பேக் வரும்போது ஃபெட்ச் பண்ண வேண்டாமேன்னு சிலர் சொல்வாங்க. முடியும்தான், ஆனா ரூம் காலியா இருக்கா இல்லையாங்கறது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறற விஷயம், அதோட ஸ்டேட் உங்க பிரவுசர்ல மட்டும்தான் இருக்கும், லிங்க் வாங்கினவங்ககிட்ட போகாது. எல்லா தகவலும் அட்ரஸ்லயே இருக்கட்டும், ஸ்க்ரோல் எங்க நின்னுச்சுங்கற மாதிரி சின்ன விஷயத்துக்கு மட்டும் ஸ்டேட்டை வச்சுக்கோங்க.

ரீப்ளேஸ்ஸ்டேட்டும் புஷ்ஸ்டேட் மாதிரியேதான், புது எண்ட்ரி சேர்க்காம இப்ப இருக்கற எண்ட்ரியோட அட்ரஸையே மாத்திடும். எதை எப்ப போடறதுன்னு முடிவு பண்ண ஒரே கேள்வி போதும், பேக் அழுத்தறவங்க இந்த இடத்துக்குத் திரும்ப வர விரும்புவாங்களா? சப்மிட் அழுத்தித் தேடின ஒவ்வொண்ணுக்கும் ஆமாம், அது புஷ். விலை ஸ்லைடரை இழுக்கும்போது 1500, 1600, 1700ன்னு மாறிட்டே போகுதே, அது ஒவ்வொண்ணுக்கும் யாரும் திரும்ப வர மாட்டாங்க, அதுக்கு ரீப்ளேஸ், அதுவும் விரலை எடுத்த அப்புறம் ஒரே ஒரு தடவை. டைப் பண்ணும்போதே தேடற பாக்ஸுக்கும் அதேதான். ஒவ்வொரு எழுத்துக்கும் புஷ் பண்ணா, பேக் அழுத்தறவங்க எழுத்து எழுத்தா பின்னாடி வரணும், பாவம். ரீப்ளேஸ்னாலும் அளவு இருக்கு, சஃபாரில கொஞ்ச நேரத்துக்குள்ள 100 தடவைக்கு மேல கூப்பிட்டா எரர் எறிஞ்சிடும்.

இதுவரைக்கும் தேடல் ஃபார்ம். புதுசா ஒண்ணை உருவாக்கற ஃபார்ம், அதாவது போஸ்ட் ஃபார்ம், அதுக்கு வேற யோசனை வேணும். செவ்வாய்ப்பேட்டைல ஒரு வெள்ளிக் கொலுசு பட்டறைக்கு மொத்த ஆர்டர் ஃபார்ம் போடறோம்னு வைங்க. வெளியூர் கடைக்காரர் ஒருத்தர் 100 கிராம் கொலுசு 40 ஜோடின்னு போட்டு சப்மிட் பண்றார். பழைய மாதிரி சாதாரண போஸ்ட்டா இருந்தா, அப்புறம் ரீஃப்ரெஷ் அழுத்தினா "ஃபார்மை மறுபடி அனுப்பவா"ன்னு பிரவுசர் கேக்கும், தெரியாம சரின்னு அழுத்தினா ஆர்டர் ரெண்டாயிடும். அதைத் தடுக்க, ஆர்டரை ஏத்துக்கிட்ட சர்வர் பக்கத்தை அனுப்பாம 303ங்கற கோடோட ஆர்டர் பக்கத்துக்கு ரீடைரக்ட் பண்ணும், பிரவுசர் அந்தப் பக்கத்தை கெட்ல எடுத்துக்கும், ரீஃப்ரெஷ் பண்ணா ஆர்டர் பக்கம்தான் திரும்ப வரும்.

இதையே ஃபெட்ச்ல பண்ணா அந்த எச்சரிக்கை வராது, அதனால பிரச்சினை தீர்ந்துச்சுன்னு நினைப்போம். அங்கதான் வேற ரூபத்துல வருது. "ஆர்டர் வந்துடுச்சு"ன்னு ஒரு வரி காட்றோம், அட்ரஸ் இன்னும் ஆர்டர் ஃபார்ம் அட்ரஸ்தான். கடைக்காரர் நடுவுல ஒரு ஃபோன் பேசிட்டு வர்றார், மொபைல் பிரவுசர் அந்த டேப்பை மறுபடி லோட் பண்ணிடுது, காலி ஃபார்ம் வந்து நிக்குது. போச்சா போகலையான்னு தெரியாம திரும்பவும் 40 ஜோடி போடறார், பட்டறைல 4 கிலோ வேலைக்கு பதிலா 8 கிலோ வேலை ஆரம்பிக்குது. அட்ரஸ் மாத்தறது ஏதோ அலங்காரம்னு நினைக்கறவங்களுக்கு நான் சொல்றது இதைத்தான், வெள்ளி விலை இருக்கற இருப்புல ஒரு அட்ரஸ் மாறாததால யாரோ ஒருத்தர் பணம் முடங்கிப் போகலாம்.

அதனால ஆர்டர் பதிவானதும் சர்வர் புது ஆர்டரோட அட்ரஸைப் பதில்லயே அனுப்பட்டும். 201ங்கற கோடும் லொக்கேஷன் ஹெடரும் இதுக்குன்னே இருக்கு, ஜேசான்ல, அதாவது ஸ்கிரிப்ட் படிக்கற தகவல் வடிவத்துல, வச்சு அனுப்பினாலும் சரி. வந்ததும் ஃபார்ம் இருந்த இடத்துல ஆர்டர் விவரத்தைப் போட்டுட்டு ரீப்ளேஸ்ஸ்டேட்ல அந்த அட்ரஸை வச்சுடுங்க. இங்க ஏன் புஷ் வேண்டாம்னா, பேக் அழுத்தி நிரம்பின அதே ஃபார்முக்குப் போய் மறுபடி அனுப்ப யாருக்கும் தேவை இல்ல. உங்க சர்வர் பழையபடி 303தான் அனுப்புதுன்னா அதுக்கும் வழி இருக்கு, ஃபெட்ச் சத்தமில்லாம அந்த ரீடைரக்டைப் பின்தொடர்ந்து போயிடும், கடைசியா எங்க போய் நின்னுச்சுங்கறது ரெஸ்பான்ஸோட யூஆர்எல்ல இருக்கும், ரீடைரக்டட்னு ஒண்ணு ட்ரூவா இருக்கும், அதை எடுத்து ரீப்ளேஸ்ஸ்டேட்ல போட்டா போதும். ஆர்டர் அட்ரஸ்ல 1, 2, 3ன்னு வரிசை நம்பர் போட்டா நம்பரை மாத்தி மாத்தி அடுத்தவங்க ஆர்டரைப் பாக்க முயற்சி பண்ணுவாங்க, லாகின் பாக்காம அந்தப் பக்கத்தைத் திறந்து விடாதீங்க.

சர்வர்ல ஒரே அட்ரஸை ரெண்டு வேலைக்கு வச்சா வர்ற ஒரு வினோதமான சிக்கலையும் சொல்லிடறேன். ஸ்லாஷ் ரூம்னு பிரவுசர் கேட்டா முழுப் பக்கம், ஃபெட்ச் கேட்டா வெறும் ஜேசான், அட்ரஸ் ஒண்ணேதான்னு வச்சிருப்பாங்க. பிரவுசர் அந்த ஜேசானை கேஷ்ல, அதாவது தன்னோட தற்காலிக சேமிப்புல, வச்சுக்கும். யூசர் லிஸ்ட்ல இருந்து வேற சைட்டுக்குப் போயிட்டு பேக் அழுத்தினா, கேஷ்ல இருக்கற ஜேசான் அப்படியே ஸ்கிரீன்ல வெறும் அடைப்புக்குறியும் மேற்கோள்குறியுமா வந்து நிக்கும். தீர்வு சுலபம், ஃபெட்ச்சுக்கு ஏபிஐன்னு தனி அட்ரஸ் வச்சுடுங்க, அட்ரஸ் பார்ல எழுதறது மட்டும் ஸ்லாஷ் ரூமா இருக்கட்டும். ஒரே அட்ரஸ்தான் வேணும்னா, ஃபெட்ச் அனுப்பற அக்செப்ட் ஹெடரைப் பாத்து சர்வர் பதிலைப் பிரிக்கட்டும், வேரி ஹெடர்ல அக்செப்ட்னு போட்டு கேஷுக்கும் அதைத் தெரியப்படுத்தணும்.

டைட்டிலையும் மாத்துங்க. புஷ்ஸ்டேட்ல ரெண்டாவதா கொடுக்கறது எதுக்கும் ஆகாதுன்னு சொன்னேன்ல, டாக்குமென்ட் டைட்டிலை நாமதான் தனியா மாத்தணும். பேக் பட்டனை அழுத்திப் பிடிச்சா வர்ற லிஸ்ட்ல எல்லாமே ஒரே பேரா இருந்தா எதுக்குத் திரும்பறதுன்னு யாருக்குத் தெரியும், "நாகலூர், 6 பேர், மே 23"ன்னு இருந்தா தெரியும். ஸ்கிரீன் ரீடர் வச்சுப் படிக்கறவங்களுக்கு பக்கம் மாறினதே தெரியாது, ஏன்னா ரீலோட் ஆகலையே, அதனால ரிசல்ட் தலைப்புக்கு ஃபோகஸைக் கொண்டு போங்க, முடியலைன்னா மாறினதை ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்ற ஏரியா லைவ் (aria-live) போட்ட ஒரு வரில "12 ரூம் இருக்கு"ன்னு எழுதுங்க.

ரியாக்ட் ரவுட்டர், வியூ ரவுட்டர் மாதிரி லைப்ரரி எல்லாம் உள்ளுக்குள்ள இதே ஹிஸ்டரி ஏபிஐயைத்தான் கூப்பிடுது. ஹெச்டிஎம்எக்ஸ்ங்கற லைப்ரரில ஒரு ஆட்ரிபியூட் போட்டாலே அட்ரஸை மாத்திக்கும். 2022ல குரோம்ல நேவிகேஷன் ஏபிஐன்னு புதுசா ஒண்ணு வந்துச்சு, லிங்க், ஃபார்ம், பேக் எல்லாத்தையும் ஒரே இடத்துல பிடிக்க விடுது, நல்ல விஷயம்தான். ஆனா எதைப் பயன்படுத்தினாலும் எந்த அட்ரஸ், புஷ்ஷா ரீப்ளேஸா, சர்வர் அதுக்குப் பதில் சொல்லுதான்னு முடிவு பண்ண வேண்டியது நீங்கதான், எந்த லைப்ரரியும் அதை உங்களுக்காக யோசிக்காது. அதனால முதல் தடவையாவது லைப்ரரி இல்லாம கையால எழுதிப் பாருங்க, சின்ன ஃபார்மா இருந்தா முப்பது நாப்பது வரிதான் வரும்.

எழுதி முடிச்சதும் டெஸ்ட் பண்ணும்போது உங்க டேப்லயே சுத்திட்டு இருக்காதீங்க. தேடிட்டு அட்ரஸை காப்பி பண்ணி லாகின் எதுவும் இல்லாத இன்காக்னிட்டோ விண்டோல ஒட்டுங்க, அதே லிஸ்ட் வரணும். ரீஃப்ரெஷ் பண்ணுங்க, ஃபார்ம்ல தேதியும் ஆள் எண்ணிக்கையும் மாறாம நிக்கணும். மூணு விதமா தேடிட்டு பேக், பேக், ஃபார்வர்ட்னு போய் ஒவ்வொரு இடத்துலயும் அட்ரஸும் ஃபார்மும் லிஸ்ட்டும் ஒண்ணையே சொல்லுதான்னு பாருங்க, அப்புறம் டெவலப்பர் டூல்ஸ்ல நெட்வொர்க்கை ஸ்லோன்னு வச்சு இதையே மறுபடி பண்ணுங்க, அதுக்கப்புறம் ஆஃப்லைன்னு வச்சு சப்மிட் அழுத்துங்க. அப்ப அட்ரஸ் மாறாம நின்னு, "நெட் இல்ல, மறுபடி முயற்சி பண்ணுங்க"ன்னு ஒரு வரி ஃபார்முக்குப் பக்கத்துலயே வரணும், டைப் பண்ணது எதுவும் அழியக் கூடாது.